ஏழாம் சுற்றில் எடுத்த ஆள்

ஆறாவது ஆளுக்கும் எஃப் போட்டார் ரோமன் ப்ரூஷின்ஸ்கி.

போட்டது டிவியைப் பார்த்து, வாயால். டொலீடோ ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டர்ஜன்ஸ் வருஷா வருஷம் கல்லூரிகளிலிருந்து ஏழு சுற்றில் ஏழு பையன்களை எடுக்கும். எடுத்த கையோடு இவர் ஒவ்வொருவனுக்கும் மார்க் போட்டுவிடுவார். அவரிடம் ஏ வாங்கியவன் இன்னும் பிறக்கவில்லை.

சோபாவின் மறுமுனையில் கோல்பி ராட்ஸ் உட்கார்ந்திருந்தான். அவன் வந்தது டிவி பார்க்க அல்ல, ரோமனிடம் பெண் கேட்க. நல்ல நாள் பார்த்தான், போங்கள்.

ஒரே ஒரு நல்ல ஆள் கிடைத்து மனுஷன் முகம் மலர்ந்தால், அந்தச் சாக்கில் கேட்டுவிடலாம் என்று இருந்தான். ஒவ்வொரு பெயராக வர வர அந்த முகம் கறுத்துக்கொண்டே போனது. மகள் பாலினா இதெல்லாம் ஆகாது என்று கொல்லைப்புறத்தில் சாசேஜ் சுடப் போய்விட்டாள்.

“பந்தெறியற பையனைப் போன சீசன் பூரா புல்லுல போட்டுப் புரட்டி எடுத்தானுங்க,” என்றார் ரோமன். “அவன் முன்னாடி நின்னு மறைக்க மலையாட்டம் ஒருத்தன் வேணும்னு எங்க வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். இவனுங்க என்னடான்னா ஓடறவனாப் பாத்து எடுத்துட்டிருக்கானுங்க.”

“ஆமா சார்,” என்றான் கோல்பி. வந்ததிலிருந்து அவன் வேறெதுவும் பேசவில்லை.

அப்போது அவன் பையில் போன் அதிர்ந்தது. சமையலறைப் பக்கம் போய் எடுத்தான். பேசியது ஸ்டர்ஜன்ஸ் அணியின் பயிற்சியாளர்.

“தம்பி, ஏழாவது சுத்துல உன்னைத்தான் எடுக்கப் போறோம். டிவியில பேர் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத.”

கோல்பியும் கல்லூரி அணியில் ஆடியவன்தான். ஆனால் அவன் லாங் ஸ்நாப்பர். உதைப்பவனுக்காகக் குனிந்து நின்று, இரண்டு காலுக்கு நடுவே பந்தைப் பின்பக்கம் எறிகிறவன். ஆட்டத்துக்கு நாலைந்து தடவை குனிந்தால் சம்பளம். அந்த வேலைக்கு யாரும் ஒரு சுற்றைச் செலவழிக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்தபிறகு, மிச்சம் மீதி இருக்கிறவனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

“கடைசி ஒண்ணு பாக்கி,” என்றார் ரோமன். “இதுலயும் கோட்டை விட்டானுங்கன்னா, இன்னைக்கு இந்த வீட்டுல எவன் வந்து என்ன கேட்டாலும் கிடையாது.”

டிவியில் பெயரை வாசித்தார்கள். கோல்பி ராட்ஸ். லாங் ஸ்நாப்பர்.

கூடவே ஒரு படமும் போட்டார்கள். அந்த வேலையில் இருப்பவனை வேறெப்படிப் படம் எடுக்க முடியும்? முக்கால்வாசி பின்பக்கம்தான் தெரிந்தது, கால் இடுக்கில் தலைகீழாகக் கொஞ்சம் முகம்.

ரோமன் டிவியைப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார்.

“நீயா?”

“ஆமா சார்.”

ரோமன் தாடையைத் தடவினார்.

“எஃப்,” என்றார்.

கோல்பி வாசல் கதவைப் பார்த்தான்.

“உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல தம்பி. ஆனா நீயே சொல்லு. உன்னை வேற எவனாவது கொத்திட்டுப் போகப் போறானா? சாயங்காலம் ஒரு போன் அடிச்சிருந்தா நீயே ஓடிப் போயிருப்ப. அதுக்குப் போய் ஒரு சுத்தை வீணாக்குவாங்களா?”

“ஆமா சார்,” என்றான் கோல்பி. அது உண்மையும்கூட.

அவன் எழுந்து போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் ரோமன் போனை எடுத்தார். ஆள் எடுப்பு முடிந்ததும் ஊர் ரேடியோவில் டஸ்டி என்பவன் நேயர்களிடம் மார்க் கேட்பான். ரோமன் தவறாமல் கூப்பிட்டு, டொலீடோ முழுக்கக் கேட்கிற மாதிரித் திட்டித் தீர்ப்பது வழக்கம். லைன் உடனே கிடைத்தது.

“ரோமன் அண்ணே, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்,” என்று போனுக்குள் டஸ்டி சிரித்தான். “கடைசியா எடுத்தது எஃப். கேமராவுக்குப் பின்பக்கத்தைக் காட்டறவனுக்கெல்லாம் ஒரு சுத்தா?”

ரோமனின் கழுத்து சிவந்தது.

“யாரைடா சொல்ற? நாலு வருஷத்துல அவன் எறிஞ்ச பந்து ஒண்ணாவது உதைக்கறவன் தலைக்கு மேல போயிருக்கா? மழையில போய் நின்னு பாத்தவன்டா நான். உங்கிட்ட பந்தைக் குடுத்தா அடுத்த தெருவுல போய் விழும்.”

“அண்ணே, எதுக்கு இவ்ளோ கோவம்? யாரு அவன் உங்களுக்கு?”

“எங்க வீட்டு மாப்பிள்ளை,” என்றார் ரோமன். “ஏ போட்டிருக்கேன். எழுதிக்கோ.”

கோல்பி வாயைத் திறந்து கேட்காமலே கிடைத்துவிட்டது. அழுதால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அப்போதுதான் கொல்லைப்புறத்திலிருந்து டஸ்டியின் சிரிப்புச் சத்தம் வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் பாலினா ரேடியோ வைத்திருந்தாள்.

யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெட்டுவதற்காக ரேடியோவில் எல்லாமே கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். அங்கே டஸ்டி இன்னும் எஃப் போட்டுக்கொண்டிருந்தான்; ‘மாப்பிள்ளை’ இன்னும் போய்ச் சேரவில்லை.

கோல்பி சோபாவைத் தாண்டிக் குதித்து ஓடினான்.

முதலில் அப்பா, அப்புறம்தான் பெண் என்று முறையாகச் செய்ய நினைத்திருந்தான். பாலினாவிடம் அவன் இன்னும் கேட்கவே இல்லை.