மிச்சமிருந்த ஒரு நோன்பு

குசினிக் கதவின் கொண்டியைப் போட்டுவிட்டு, ஸஜானா நின்ற நிலையிலேயே தேத்தண்ணியைக் குடித்தாள். நாக்குச் சுட்டது. கோப்பையைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள். வாயையும் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

சொந்த வீட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு இந்தக் களவு தேவையா என்று கேட்டால், தேவைதான். அவள் நோன்பு பிடித்திருக்கிறாள் என்றுதான் மாமி நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன றமழானில் டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஸஜானா கொஞ்ச நோன்புகளை விட்டிருந்தாள். விட்டதை அடுத்த றமழான் பிறக்குமுன் களாவாகப் பிடித்து முடித்துவிட வேண்டும். அதற்கு ஒரு வருடமே கையில் இருந்தது.

'இந்த வெக்கை தணியட்டும்' என்றாள். தணிந்தது. 'மாரியில பகல் குறுகல், அப்ப பிடிப்பம்' என்றாள். மாரியும் வந்து போனது. கடைசியில் புருசனின் தாயான மாமி உம்மு குல்சூம் விடாப்பிடியாக நின்று, இந்த இரண்டு கிழமைக்குள் ஒவ்வொன்றாகப் பிடிக்க வைத்தாள். ஒன்றே ஒன்று மிச்சம்.

அந்த ஒன்றைத்தான் இன்றைக்குப் பிடிப்பதாக இருந்தது. விடியுமுன் மாமி ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினாள். "எழும்பிட்டன் மாமி" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிட்டு ஸஜானா மறுபக்கம் புரண்டாள். நாளைக்கும் ஒரு நாள் இருக்கிறதே என்ற நினைப்பு அவ்வளவு சுகமாக இருந்தது. நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத்து வைக்காமலே விடியற்காலைச் சுபஹு பாங்கு சொல்லிவிட்டது. மாமி மேசையில் மூடி வைத்துவிட்டுப் போயிருந்த ஸஹர் சோறு, யாரும் காணுமுன் கோழிகளுக்குப் போனது.

நாளைக்கு ஒரு நாள் இருப்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன மாதம் இருபத்தொன்பதிலேயே பிறை தெரிந்து முடிந்தது, அதனால் இந்த மாதம் முப்பதுதான் ஓடும் என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கலண்டரிலும் றமழான் நாளை மறுநாள் என்றே கிடந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தவள், மாமி முற்றத்து நிழலில் கதிரையில் சாய்ந்து கிடப்பதைக் கண்டாள். உதடு காய்ந்திருந்தது.

"என்ன மாமி, சுகமில்லையே?"

"ஒண்டுமில்லை மகள். நானும் இண்டைக்கு நோன்பு."

"நீங்களோ? சீனி வருத்தத்தோட பிடிக்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே?"

"நீ தனியப் பிடிக்கிறாய். வீட்டில இன்னொரு ஆளும் பிடிச்சா உனக்கு அலுப்புத் தெரியாது. அதுதான்."

ஸஜானா முந்தானையால் இன்னொரு தடவை வாயை ஒற்றிக்கொண்டாள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமி நோன்பைத் திறந்து ஏதாவது சாப்பிட்டிருப்பாள். லுஹர் தொழுதுவிட்டுச் சொல்லுவோம் என்று நினைத்தாள். பிறகு அஸர் முடியட்டும் என்று நினைத்தாள். கடைசியில் அதையும் ஒத்திப்போட்டாள்.

"மாமி, நீங்கள் திறவுங்கோவன். கை நடுங்குது" என்று மட்டும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் இருந்திட்டன். நீ இருக்கிறாய்தானே, நானும் இருப்பன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குப் பிறகு ஸஜானாவும் பச்சைத்தண்ணி வாயில் வைக்கவில்லை. அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

பின்னேரம் காற்றுத் திரும்பி, மூன்று நாளாகக் கட்டிக்கிடந்த மேகம் கலைந்தது. ஈரம் விடாமல் கிடந்த உடுப்பெல்லாம் காய்ந்துவிட்டன. அதில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் சந்தோசம். "கடலும் அடங்கிட்டுது, தொழிலுக்குப் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே அவள் புருசன் றுஸ்தி பள்ளிக்குப் போனான்.

பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொன்னதும் மாமி ஈச்சம்பழம் ஒன்றை எடுத்தாள். தான் தின்னாமல் ஸஜானாவின் கையில் வைத்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ். உன்ர பொறுப்பு முடிஞ்சுது மகள்."

அதற்குமேல் ஸஜானாவால் முடியவில்லை. மாமி கஞ்சி குடித்து, தொழுது, முகம் தெளியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு கோப்பைகளை எடுக்கிற சாட்டில் பக்கத்தில் குந்தினாள்.

"மாமி, நான் இண்டைக்கு நோன்பில்லை. ஸஹருக்கு எழும்பேல்ல. உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

உம்மு குல்சூம் தன் கஞ்சிக் கோப்பையை எட்டி எடுத்து மருமகளின் கையில் கொடுத்தாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட ஸஜானாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பகல் முழுக்க என்னைப் பாத்துக்கொண்டெல்லே இருந்தனி" என்றாள் மாமி. பிறகு மருமகளின் கண் கலங்குவதைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "சரி, அழாத. நாளைக்கு ஒரு நாள் கிடக்குத்தானே. நான் எழுப்பமாட்டன். நீயா எழும்பிப் பிடி."

"ஓம் மாமி. கட்டாயம் பிடிப்பன்."

நாளைக்கு என்ற சொல்லை அவள் உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. உடனே எழும்பிப் போய் ஸஹருக்கு அரிசி களைந்து வைத்தாள். ஃபோனில் ஒன்றுக்கு மூன்றாக அலாரம் வைத்தாள். மறந்துபோகும் என்ற பயத்தில் நிய்யத்தையும் இப்போதே வாய்விட்டுச் சொன்னாள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கி, இரண்டாம் கோப்பைக் கஞ்சியும் இறங்கியது.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. றுஸ்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கரையில பிறை கண்டாச்சு உம்மா. நாளைக்கு றமழான் தலை நோன்பு."