சிமெண்டின் பல்

அன்று காலை தோட்டத் தொழிலாளர் லயத்து முற்றத்தில் நின்றவர்கள் நான்கு பேர். ஒன்பது குஞ்சில் நான்கைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்த சிசிலி. அவளுக்கு எதிர்வீட்டுச் சூசையப்பன். சமாதானம் பேச வந்த சின்னத்தாயி. ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க இறங்கிய டிரைவர் ஜினோ.

ஐந்தாவதாக, சூசையப்பனின் கையிடுக்கில் சிமெண்டு. சாம்பல் நிறம் என்பதால் பூனைக்கு அந்தப் பெயர். வைத்தது அவர் மனைவி. அவள் இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் அதுவும்தான்.

"எம் பூனை கோழி புடிக்காது" என்றார் சூசையப்பன்.

"பின்ன என்ன, எங்க கோழிக்கூட்டுல வந்து ஜெபமா பண்ணுது? கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே. நீங்க வைக்கிற மீனு அப்படியே கெடக்கா, இல்லையா?"

சூசையப்பன் குனிந்து பூனையைப் பார்த்தார். உண்மைதான். கொஞ்ச நாளாகச் சிமெண்டு மீனை முகர்ந்து பார்க்கும், தலையைச் சாய்க்கும், போய்விடும்.

"வீட்டுல திங்காத பூனைக்கு வயிறு எங்க நெறையுது?" என்றாள் சிசிலி.

அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஜினோ சிரித்தான். "சனிக்கிழமை காய்கறி ஏத்தப் போடி போறேன் அண்ணாச்சி. சிமெண்டுக்கு ஒரு டிக்கெட் போட்டுரவா?"

கோழி தின்னப் பழகிய பூனையைப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வருவது அந்த லயத்தில் எழுதாத சட்டம். எல்லைச் செக்போஸ்ட் தாண்டிய பூனை எதுவும் திரும்பி வந்ததில்லை.

சூசையப்பன் பூனையை இறுக்கிக்கொண்டார். "வேற வழியே இல்லையா?"

"இருக்கு. டவுனு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி பல்லைப் புடுங்கிட்டு வாங்க. பல்லில்லாத பூனை இருந்துட்டுப் போகட்டும். இல்லைன்னா ஜீப்புதான்" என்றாள் சிசிலி.

சின்னத்தாயி கன்னத்தில் கை வைத்தாள். "அடிப்பாவி! வாரம் தவறாம கோயிலுக்குப் போற வாயா இது? வாயில்லா ஜீவனோட பல்லைப் புடுங்கச் சொல்றியே, நீ நல்லா இருப்பியா?"

"நான் நல்லா இருக்கேனோ இல்லையோ, சனிக்கிழமைக்குள்ள பல்லு போகணும்."

மறுநாள் சூசையப்பன் மூடி போட்ட கூடையில் சிமெண்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

டாக்டர் ஜிஷாவின் தமிழ் மலையாளத்தில் நனைந்து வரும். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "கோழி பிடிச்சுன்னு பூனையோட பல்லைப் பிடுங்குவாங்களா சேட்டா? எந்த ஊர் நியாயம் இது?"

சொல்லிக்கொண்டே சிமெண்டின் உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தவர், அப்படியே நிறுத்தினார். நாற்றம் சூசையப்பனின் மூக்கு வரை வந்தது.

ஈறு முழுக்கப் பழுத்த மிளகாயாகச் சிவந்து வீங்கியிருந்தது. பற்களில் பழுப்பாகக் காரை. சில பல்லின் வேரில் சீழ் கோத்திருந்தது. டாக்டரின் விரல் பட்டதும் பூனை நடுங்கியது.

"கஷ்டம்! சேட்டா, இது கோழி பிடிக்கிற வாயா? நனைச்ச ரஸ்க்கைக் கூட இது கடிக்காது. பசி இல்லாம மீனை விடல. வலி தாங்காம விட்டுருக்கு. எச்சில் ஒழுகுறதையும் தலையைச் சாய்க்கிறதையும் யாருமே பார்க்கலையா?"

ஒருத்தி பார்த்திருந்தாள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் சிசிலி வாசலில் நின்று சொன்னாள்: "அண்ணே, சிமெண்டுக்கு வாய் நாறுது. கஞ்சித் தண்ணியைத்தான் நக்குது. டாக்டர்ட்ட பல்லைக் காட்டுங்க."

அவர் லயமே கேட்கும்படி சிரித்தார். "பூனைக்குப் பல் வைத்தியமா? அடுத்து உங் கோழிக்குக் கண்ணாடி போடணும்னு சொல்லுவ!"

டாக்டரிடம் அவர் அதைச் சொல்லவில்லை.

மயக்க ஊசி போட்டு ஆறு பல்லை எடுத்தார்கள். மற்றதைச் சுத்தம் செய்தார்கள். "புண் ஆறினதும் மெல்லிய துணியால தெனமும் பல்லைத் தொடச்சு விடணும். மனுஷங்க பேஸ்ட் மட்டும் போடக் கூடாது" என்று சொல்லி மருந்து கொடுத்தார் டாக்டர்.

சனிக்கிழமை ஜினோவின் ஜீப் காலியாகவே போடிக்குப் போனது.

அன்று சாயங்காலம் முள் எடுத்துப் பிசைந்து வைத்த மீனைச் சிமெண்டு முழுசாகத் தின்றது. தட்டையும் நக்கியது. பார்த்துக்கொண்டே இருந்த சூசையப்பனுக்குக் கண் கலங்கியது. கூடவே கோபமும் வந்தது. பச்சைத் தண்ணீர் குடிக்கவே அழுத பூனை மேல் கொலைப்பழி!

நேரே சிசிலி வீட்டு வாசலுக்குப் போனார். ஐந்து குஞ்சுகள் தாய்க்கோழியோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

"ஏ சிசிலி! வெளிய வா."

வந்தாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே கேட்டாள்: "சாப்பிடுதா அண்ணே?"

"தட்டை நக்கிட்டுத் தூங்குது. நீ பேச்சை மாத்தாத. இந்த வாயை வச்சுக்கிட்டு எம் பூனை கோழி தின்னுருக்க முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. ஊரு முன்னால பொய்யா சொன்ன? அந்த நாலு குஞ்சு எங்க?"

சிசிலி அடுக்களைக்குப் போனாள். மூலையில் கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கினாள். கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு குஞ்சுகள் வாசலுக்கு ஓடி வந்தன.

"பல்லைக் காட்டுங்கன்னு சொன்னேன், சிரிச்சீங்க" என்றாள். "வேற எப்படி உங்கள அங்க அனுப்புறது?"

சூசையப்பன் குனிந்து, விரல் நீட்டி எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார்.

ஒன்று குறையாமல் ஒன்பது.