கோட்டோரம் ஒரு தகராறு

டென்னிஸ் பந்து கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி விழுந்தது. அரங்கமே கைதட்ட, மூலை இருக்கையில் இருந்த நர்ஸ் மட்டும் "ச்சே!" என்று தொடையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சற்றுமுன் இன்னொரு பந்து அழகாக உள்ளே விழுந்தபோதும் இவள் இப்படித்தான் அலுத்துக்கொண்டாள். அவர் பல் டாக்டர். உட்கார்ந்த உடனே அதைச் சொல்லியும் விட்டார். எதிராளியின் வாயைத் திறக்க வைத்துவிட்டுத் தானே பேசிப் பழகியவர், எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பார்?

"நீங்க யாரு பக்கம்மா? சுருட்டையா, நெட்டையா?"

"யாரு ஜெயிச்சாலும் சரி டாக்டர். இந்த மூலைல, கோட்டு மேல ஒரு பந்து விழணும். உள்ளயா வெளியயான்னு ஒரு தகராறு வரணும். அவ்வளவுதான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "நல்லா சிண்டு முடியற ஆளா இருப்பீங்க போல! செம்மண் தரைல பந்து பட்ட தடம் அப்படியே நிக்கும்மா. தகராறுன்னா ஆட்டக்காரன், அம்பயர் எல்லாரும் தடத்தப் பாக்க இங்கயே வந்துடுவாங்க."

"தெரியும். அதுக்குத்தான் நிழல்ல கிடைச்ச சீட்ட மாத்திக்கிட்டு இந்த வெயில்ல காயறேன். ஒரே ஒரு தடவ கிட்டத்துல பாத்துட்டா போதும்."

டாக்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சுருட்டைமுடிக்காரன் மேல் பைத்தியம். அவர் மகளும் ஒரு காலத்தில் சுவர் தெரியாமல் படம் ஒட்டியவள்தான். ஆனால் இவளுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். காதோரம் இரண்டு நரை கூட இருந்தது.

"கூட யாரும் வரலையா?"

"வர்றதுக்கு யாரும் இல்ல டாக்டர். அம்மாவும் நானும்தான் இருந்தோம். அம்மா போன வருஷம் போயிட்டாங்க."

ஐந்து நாள் லீவு போட்டு, இரண்டு விமானம் மாறி வந்திருந்தாள். லாட்ஜ் அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் அவள், இன்னொன்றில் அவள் பெட்டி. வந்த மூன்று நாளில் சாவி கொடுப்பவரிடமும் டிக்கெட் கிழிப்பவரிடமும் பேசியதோடு சரி. காலையில் கண்ணாடி முன் நின்று, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தபோது அவள் குரலே அவளுக்கு யாருடையதோ மாதிரி இருந்தது.

நேற்றும் முந்தாநாளும் மைதானம் மைதானமாக ஏறி இறங்கி, இன்றுதான் சரியான ஆட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். சாயங்காலம் ஊருக்கு விமானம்.

இடைவேளை விட்டார்கள். அம்பயரின் உயரமான நாற்காலிக்கு இந்தப் பக்கம் சுருட்டையும் அந்தப் பக்கம் நெட்டையும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். ஆட்டம் முழுக்க மடியில் தூங்கிக் கிடந்த பைனாகுலர் இப்போதுதான் நர்ஸின் கண்ணுக்கு ஏறியது. ஆட்டத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறாள், முற்றிப்போன கேஸ் என்று டாக்டர் முடிவு கட்டினார்.

கடைசி செட். சுருட்டை ஐந்து, நெட்டை மூன்று. இன்னும் ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துவிடும்.

"ஒண்ணே ஒண்ணு விழக்கூடாதா?" என்று நர்ஸ் விரல்களை நெரித்துக்கொண்டாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு தகராறு வரட்டும் என்று டாக்டரும் சேர்ந்து வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

மேட்ச் பாயின்ட். நெட்டை அடித்த பந்து இவர்கள் மூலைக்குச் சீறி வந்து, கோட்டருகே செம்புழுதியைக் கிளப்பியது.

"அவுட்!" என்று கத்தினார் கோட்டுக்குப் பின்னால் நின்றவர். சுருட்டை இரண்டு கைகளையும் தூக்கினான். எதிர்ப்பக்கத்திலிருந்து நெட்டை, "உள்ளதான் விழுந்துச்சு! தடத்த வந்து பாருங்க!" என்று கூவினான்.

"வர்றாங்க, வர்றாங்க! நல்லா பாத்துக்கோங்கம்மா!" டாக்டருக்கே மூச்சு வாங்கியது.

சுருட்டை பத்தடி தூரத்தில் வந்து நின்றான். அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கி, நிதானமாக நடந்து வந்து, முட்டியில் கையை ஊன்றிக் குனிந்தார். நர்ஸ் தன்னை அறியாமல் எழுந்து தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது; ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தை கூட வெளியே வரவில்லை.

அம்பயர் தடத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். பந்து உள்ளேதான், ஆட்டம் தொடரும் என்று கையைக் காட்டினார். நிமிர்ந்தவர் கண்ணில், எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒருத்தி மட்டும் நிற்பது பட்டது. முகத்தைச் சுளித்தார்.

"உட்காருங்கம்மா! ஆட்டம் நடக்க வேணாமா?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நர்ஸ் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. டாக்டருக்கு வந்ததே கோபம்!

"என்ன மனுஷன் இவரு! இத்தன தூரம் தனியா வந்த பொண்ணுகிட்ட இப்படியா எரிஞ்சு விழறது? அந்த அம்பயர் சொன்னத மனசுல வச்சுக்காதீங்கம்மா."

அவள் கண்ணைத் துடைக்காமலே சிரித்தாள்.

"எங்கப்பா என்கிட்ட பேசின மொத வார்த்த டாக்டர் அது."