சிவப்பு மைக்காரர்

"மூண்டு தரம் திருப்பி அனுப்பியாச்சு! ஆர் இந்தச் சிவப்பு மைக்காரர்? கொழும்புப் பேராசிரியரோ?"

மனநல டொக்டர் கஜதீபன் தன் கட்டுரையை மேசையில் எறிந்தார். ஹட்டனிலிருந்து மனநலத்துக்கென்று தமிழில் ஓர் இணையத்தளம் என்றதும், இருபது வருட அனுபவத்தை இலவசமாக எழுதிக் கொடுத்தவருக்கு இதுதான் மரியாதை.

"அவங்க சரின்னு சொல்லாம எதையும் போட மாட்டோங்க டொக்டர்," என்றாள் தளத்தை நடத்தும் ஜெயந்தினி. "வேலை முடிஞ்சு இப்ப வந்துருவாங்க."

கட்டுரையின் ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தது: 'சுகமானதும் மாத்திரையை நிறுத்தலாமா? அதை ஏன் சொல்லவில்லை?'

கேள்வி சரியாக இருந்ததுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

கதவு திறந்தது. தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். டொக்டர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"அம்மாக்கண்ணு! நீங்களோ?"

"ரெண்டு தடவ உங்க வார்ட்டுல கெடந்தவளேதாங்க. மொத தடவ சுகமாயிருச்சுன்னு நானே மாத்திரைய நிறுத்திட்டேன். நிறுத்தக்கூடாதுன்னு யாருமே சொல்லலீங்க. அதான் ரெண்டாந்தடவ வந்தேன். இப்ப நாலு வருசமா ஒழுங்கா மலைக்குப் போயி கொழுந்து எடுக்குறேன்."

கஜதீபன் அவளுடைய சிவப்புப் பேனையை வாங்கி, விட்டுப்போன பதிலைத் தன் கையாலேயே எழுதினார்.

"அக்கா, கட்டுரைக்குக் கீழ ஒங்க பேரையும் போடவா?" என்றாள் ஜெயந்தினி.

"தாராளமா போடு. டொக்டர் பேரப் பார்த்தா எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்குற ஆளுங்க பயப்படுவாங்க. எம்பேரப் பார்த்தா நம்பிப் படிப்பாங்க."

"அப்ப ஏன் கீழை?" என்றார் கஜதீபன். "என்ரை பேருக்கு மேலை போடுங்கோ!"