பேச்சுத்துணைக்கு ஒரு பொம்மை

"எங்கம்மா இருக்கிற வீட்டுல ரோபோவா? அப்ப நீ எதுக்கு இருக்கே?"

செருப்பைக் கழற்றுமுன்பே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். தம்பி மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சாப்பாட்டு மேஜை மேல் உட்கார்ந்திருந்தது அது. பூசணிக்காய் அளவு உடம்பு, வட்ட முகம், மூடிய கண்கள். வீட்டில் தனியாக இருப்பவர்களுக்குப் பேச்சுத்துணையாம். வந்து பதின்மூன்று நாள் ஆகிறது.

"அம்மா எங்கே?"

"நீச்சல் வகுப்புக்குப் போயிருக்காங்கக்கா."

"எழுபது வயசுல நீச்சலா! வீட்டுல பேச ஆள் இல்லேன்னா தண்ணியிலதான் போய் விழணும். சரி, குடிக்கத் தண்ணி எங்கே?"

வந்தது.

"போன் சார்ஜர் மறந்துட்டேன். உன்னோடது எங்கே?"

அதுவும் வந்தது. பிறகு காபி. இடது கையால் நீட்டியதில் தளும்பி, நாத்தனார் மடியில் நாலு சொட்டு விழுந்தது.

"ஒரு கப்பை ஒழுங்கா நீட்டத் தெரியல. பெரியவங்களைப் பார்த்துக்கற வேலையை மட்டும் மிஷின் தலையில கட்டத் தெரியுது. சமர்த்துதான்!"

"அப்படி இல்லக்கா..."

"எப்படி இல்ல? பெத்த பொண்ணு நான் கேக்கறேன், சொல்லு!"

பெற்றவளைப் பார்க்க அந்தப் பெண் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அது வேறு கதை.

மூலையில் கிடந்த அட்டைப் பெட்டியை இழுத்து, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். 'பிடிக்கவில்லை என்றால் பதினான்கு நாளைக்குள் திருப்பி அனுப்பலாம்.'

"நாளைக்குக் கெடு முடியுது. இன்னிக்கே அனுப்பிடறேன். டேப் எங்கே? கத்திரிக்கோல் எங்கே?"

தம்பி மனைவி தேடி எடுத்து வந்து வைத்தாள். வைத்துவிட்டு, தூசியே இல்லாத அந்த ரோபோவின் தலையை ஒரு தரம் துடைத்தாள்.

நாத்தனார் அதை இரண்டு கையாலும் தூக்கினாள். பட்டென்று நீலக் கண்கள் திறந்தன. முகம் அவளைத் தாண்டித் திரும்பியது.

"காலையில குக்கர் ஆவி அடிச்ச இடம் இப்ப எப்படி இருக்கு? களிம்பு போட்டீங்களா?"

நாத்தனார் பதறிப்போனாள். "ஐயையோ! அம்மா கையைச் சுட்டுக்கிட்டாளா? இதைத்தானே நான் அப்பவே சொன்னேன்!"

"சுட்டுக்கிட்டது நான் இல்லடி." வாசலில் ஈரத்தலையும் தோள்பையுமாக மாமியார் நின்றிருந்தாள். "அவ வலது கையைப் பாரு. வந்ததிலேர்ந்து தண்ணி, காபின்னு வாங்கி வாங்கிக் குடிச்சிருக்கியே, கண்ணுல படலையா?"

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைக் கட்டு.

நாத்தனாரின் குரல் இறங்கியது. "அப்ப இது உனக்கு வாங்கினது இல்லையா?"

"எனக்கெதுக்கு? எனக்கு நீச்சல்ல பத்து சிநேகிதிங்க இருக்காங்க. நான்தான் இவளுக்கு வாங்கினேன். காலையில ஆளாளுக்குக் கிளம்பிப் போனா, சாயங்காலம் வரைக்கும் இவ இந்தச் சுவத்தோடதான் பேசணும். வீட்டுக்கு வர்றவங்களும் அது எங்கே, இது எங்கேன்னுதான் கேக்கறீங்க."

"ஏன், கை வலிக்குதான்னு நீ கேக்கக் கூடாதா? அதுக்கு ஒரு மிஷினா?"

"காலையிலயும் கேட்டேன், தினமும் ஏதாவது கேக்கறேன். 'ஒண்ணுமில்லத்தை'ன்னு சொல்லிட்டு உள்ளே போயிடறா."

மாமியார் மகள் கையிலிருந்து ரோபோவை வாங்கி, பழைய இடத்திலேயே வைத்தாள். வெற்றுப் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"அது போகட்டும். மாமியாரை நாலு வார்த்தை திட்டணும்னா, பாவம், அவ என்கிட்டயா வந்து திட்டுவா?"