ஆஸ்பத்திரி ஐஸ்பெட்டி

"ஏனுங்க நர்சம்மா, ஜீப்பு வந்துருச்சுங்க! வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டுட்டு ஒருத்தரு எறங்கறாருங்க!"

ஆயா ராசாத்தாள் துடைப்பத்தோடு ஓடிவந்து சொன்னதும் நர்ஸ் வரலட்சுமி ஐஸ்பெட்டியிடம் ஓடினாள்.

பயந்தது நடந்தே விட்டது. போன வாரம்தான் பெரிய டாக்டர் போனில் எச்சரித்திருந்தார். "வெளிநாட்டுக்காரங்க குடுத்த ஐஸ்பெட்டியெல்லாம் இப்ப எப்படி இருக்குதுன்னு பார்க்க ஆள் வர்றாங்க. சொல்லாமக் கொள்ளாம வருவாங்க. பிள்ளைங்க தடுப்பு மருந்தைத் தவிர வேற எது உள்ள இருந்தாலும் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவாங்க, பார்த்துக்கம்மா."

பல்லடத்துக்குத் தெற்கே, பஸ் நினைத்தால் வரும் ஊர் அது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசி போட டவுனுக்குப் போ என்றால் பாதிப் பேர் போகவே மாட்டார்கள். அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் கக்குவான் இருமலுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் ஊரில் இருந்தன. அதில் ஒரு பிள்ளை வரலட்சுமியின் மடியிலேதான் போனது.

பெட்டிக்குள் இப்போது போலியோ சொட்டும் முத்தடுப்பு ஊசியும் மட்டுமா இருக்கின்றன? அடித்தட்டு முழுக்கக் கோழி மருந்து!

"அதை எடுத்து வெளிய வீசிரட்டுங்களா?" என்றாள் ராசாத்தாள்.

"ஐயோ, வெயில் பட்டா வீணாப் போயிரும். உன் தூக்குப்போசியைக் கொண்டா!"

போசியில் ஐஸைக் கொட்டி, மருந்துக் குப்பிகளை உள்ளே புதைத்து, மூடியை அழுத்தி மேஜைக்கடியில் தள்ளுவதற்கும் ஜீப்பில் வந்தவர் வாசற்படி ஏறுவதற்கும் சரியாக இருந்தது.

"வணக்கமுங்க. ஐஸ்பெட்டி பார்க்க வந்தனுங்க."

"வாங்க சார். உக்காருங்க... காப்பி..."

"உக்கார நேரமில்லீங்க. பெட்டி ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க சார்."

அவர் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உள்ளே தொங்கிய தெர்மாமீட்டரை உற்றுப் பார்த்தார். அடித்தட்டில் விரலை ஓட்டினார்.

"இந்தத் தட்டு ஏனுங்க காலியாக் கெடக்குது?"

"சும்மா... சும்மாத்தானுங்க சார்."

"கரண்டு போனா?"

"ஜெனரேட்டர் இருக்குதுங்க."

"யாரோடது?"

"பக்கத்துல... பக்கத்துல இருக்கறவங்க ஒயர் இழுத்துக் குடுத்திருக்கறாங்க."

"ஏனுங்க, சும்மாவா குடுத்தாங்க?"

ராசாத்தாள் நடுவில் புகுந்து சமாளிக்கப் பார்த்தாள். "தர்மவானுங்க சாமி அவரு!"

"கோழிப்பண்ணைக்காரருன்னு கேள்விப்பட்டேன்?"

எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார்! அவர் கண் மெல்ல மேஜைக்கடிக்குப் போனது.

"போசியில என்னங்க?"

"மோருங்க!" என்றாள் ராசாத்தாள் சட்டென்று.

"அப்பிடியா? நல்ல வெயிலுங்க. ஒரு வாய் குடுங்க அம்மணி."

ராசாத்தாள் போசியை எடுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். "புளிச்சுப்போச்சுங்க. குடிச்சா வயித்துக்கு ஆகாதுங்க."

"பரவால்லீங்க, குடுங்க."

அவர் கையை நீட்டினார். அதற்கு மேல் வரலட்சுமிக்குத் தாங்கவில்லை. போசியை வாங்கி, மூடியைத் திறந்து, அவர் முன்னால் வைத்துவிட்டாள்.

"கோழி மருந்துங்க சார். வெள்ளைக்கழிச்சலுக்குப் போடறது." என்றாள் வரலட்சுமி. "பெட்டி குடுத்த புராஜெக்ட்டுக்காரங்க இருந்தவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. அவங்க போனதும் எங்க ஜெனரேட்டருக்கு டீசல் நின்னுபோச்சு. கரண்டு போனா அரை நாளைக்கு வராது. பிள்ளைங்க மருந்து பூராவும் கெட்டு, என் கையாலயே கொட்டிப்போட்டேன். அப்பத்தான் பக்கத்துக் கோழிப்பண்ணை தனபால் அண்ணன் ஒயர் இழுத்துக் குடுத்தாரு. பதிலுக்கு அவரு கோழி மருந்தை அடித்தட்டுல வெச்சுக்கறாரு. தன் மருந்து கெடக்கூடாதுன்னு அவரே வந்து வந்து பெட்டியைத் தொட்டுப் பார்க்கறாருங்க. அன்னையில இருந்து பெட்டி ஒரு நாளும் நின்னதில்லீங்க. தப்புத்தான். என்னை எங்க வேணாலும் மாத்திப்போடுங்க சார். பெட்டியை மட்டும் எடுத்துட்டுப் போயிராதீங்க. நாளைக்குப் புதன்கிழமை, ஊசி போடப் பிள்ளைங்க வரும்."

அவர் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி ஐஸுக்குள் பதமாக வைத்தார்.

"அப்ப நான் கேள்விப்பட்டது நெசந்தானுங்க!" என்றவர் விறுவிறுவென்று ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

"பெட்டியைத் தூக்க ஆளைக் கூப்படப் போறாருங்க," என்று மூக்கைச் சிந்தினாள் ராசாத்தாள். வரலட்சுமி ஓடிப்போய் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் விரித்துப் படுத்துக்கொண்டாள். எடுப்பதானால் தன்னையும் சேர்த்து எடுக்கட்டும்!

அவர் தனியாகத்தான் திரும்பி வந்தார். தோளில் ஒரு தெர்மகோல் டப்பா, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"காங்கேயம் ரோட்டுல பண்ணை வெச்சிருக்கற வேங்கடசாமிங்க நானு, கொஞ்சம் எந்திரிங்க அம்மணி, ஐஸ் கரையுது, என்ர கோழி மருந்துக்கும் ஒரு ஓரமா எடம் குடுங்க, டீசல்ல பாதி நான் ஊத்திப்போடறேன்," என்றார் அவர். "எங்கூருக்கும் வெள்ளைக்காரங்க இதே பெட்டியத்தானுங்க குடுத்தாங்க, கோழி மருந்தெல்லாம் வெக்கப்படாதுன்னு சட்டம் பேசுனாங்க, இப்ப அது ஓடாம நின்னு, அதுல எங்கூரு நர்சம்மா துவரம்பருப்பு கொட்டி வெச்சிருக்கறாங்க!"