முந்திப் போகும் கண்
வேங்கிக்கால் மைதானத்தில் மலையின் நிழல் இறங்கிவிட்டது. நந்தினி பேஸ்பால் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். அடிக்கக் கூடாது, வரும் பந்தில் வைத்திருக்கும் பொட்டு குங்குமமா மஞ்சளா என்று சொல்ல வேண்டும், அதுதான் பயிற்சி. எதிரே தோழி கஸ்தூரி பந்தை எறியக் கையை ஓங்குகிறாள். விரலை விட்டுப் பந்து கிளம்பும்போது பொட்டு சுழல்வது தெரிகிறது. கிட்டே வரவரப் பந்து எந்தக் கண்ணுக்கும் பிடிபடாது. அதனால் கண் முந்திக்கொண்டு, அது வரப்போகும் இடத்தில் போய்க் காத்திருக்கிறது. “குங்குமம்!” பின்னால் கட்டிய வலையில் பந்து தொப்பென்று விழுகிறது. “சரியா சொல்லிட்டடி. ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பறேன்” என்று கஸ்தூரி பையைத் தோளில் மாட்டுகிறாள். நாளை முதல் அவளுக்கு அங்கே கம்பெனி வேலை, ஹாஸ்டல் வாசம். “இன்னும் ஒண்ணே ஒண்ணு போடேன்” என்கிறாள் நந்தினி. “போட்டா இன்னொண்ணு கேப்ப.” திரும்பிப் பார்க்காமல் கஸ்தூரி நடக்கிறாள். நந்தினி மட்டையைத் தாழ்த்தவில்லை. பழகிய கண் முந்திப் போய் மைதானத்து கேட்டில் நிற்கிறது. அங்கே யாரும் இல்லை. கஸ்தூரி இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை.